கேட்டுவிட்டு உதவுங்கள்: ரஷ்யப் பெண்களோடு சேர்ந்து வேலை செய்ய ஒரு வழிகாட்டி

நன்றி சொல்லும் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயரைப் போட்டதுதான் இந்த வேலையில் நான் செய்த பெரிய தவறு. 2021-ல் நடந்தது. ரஷ்யாவின் தெற்கே ஒரு சிறு நகரத்தில், வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்காக ஒரு தொலைபேசி உதவி எண்ணை அவர் நடத்திவந்தார். எங்கள் அமைப்பு ஒரு பயிற்சிக்கு அவருடைய பயணச் செலவைக் கொடுத்தது. அவ்வளவுதான். ஆண்டறிக்கையில் அவர் பெயர், ஊர், ஒரு புகைப்படம் எல்லாவற்றையும் ஆசையாகப் போட்டேன். இரண்டு மாதம் கழித்து அவருடைய அலுவலகத்துக்கு ஆய்வுக்கு வந்தவர்கள் கையில் அந்தப் பக்கத்தின் நகல் இருந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. "அடுத்த தடவை என்னைக் கேளுங்கள்" என்று மட்டும் சொன்னார். கீழே நான் எழுதியிருப்பதில் பெரும்பகுதி அந்த ஒரு வரியிலிருந்து கற்றுக்கொண்டது.

டான் நதிக்கரையில் இருக்கும் ரஸ்தோவில் மருத்துவம் படித்தவள் நான். அந்த ஆறு வருடத்தில் ரஷ்ய மொழி வந்துவிட்டது. இப்போது பெர்லினில் இருக்கிறேன். பகலில் மருத்துவமனை, மாலையிலும் வார இறுதியிலும் ஒரு சிறிய பெண்கள் அமைப்பு. "ரஷ்யாவில் அமைதிக்காக வேலை செய்யும் பெண்களுக்கு நாங்கள் எப்படி உதவலாம்?" என்று மாணவர் குழுக்களும் பெண்கள் சங்கங்களும் தனி ஆட்களும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ரஷ்யப் பெண்களுக்குத் தலைமைப் பண்பைக் கற்றுத்தரப் போகிறோம் என்ற நினைப்போடு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். படைவீரர்களின் தாய்மார்கள் 1989-லேயே குழு அமைத்துவிட்டார்கள். அப்போது சோவியத் ஒன்றியமே இருந்தது. முதல் செச்சினியப் போர் நடந்துகொண்டிருந்த 1995-ல், மார்ச் 8 அன்று மாஸ்கோவிலிருந்து செச்சினியத் தலைநகர் கிரோஸ்னியை நோக்கி ஒரு தாய்மார் நடைபயணம் கிளம்பியது. போரை மறுக்கும் கிறிஸ்தவர்களான குவேக்கர்களும் ஜப்பானிய பௌத்தத் துறவிகளும் கூட வந்தார்கள். சர்வதேசக் கூட்டுறவு என்று இன்று நாம் பெரிய வார்த்தையில் சொல்வதை அவர்கள் அன்றே கால்நடையாகச் செய்தார்கள். 1996-ல் அந்தத் தாய்மார் குழுவுக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

ரஸ்தோவிலிருந்து மின்சார ரயிலில் சிறிது நேரம் போனால் நோவோசெர்காஸ்க் வரும். 1962 ஜூன் 2 அன்று விலை உயர்வை எதிர்த்த ரயில் எஞ்சின் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் மீது ராணுவம் சுட்ட ஊர் அது. 26 பேர் இறந்தார்கள். கிட்டத்தட்ட முப்பது வருடம் அதைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியவில்லை. அந்த ஊரில் 1993-ல் 'டான் பெண்கள்' என்ற சங்கம் தொடங்கியது. வாலென்டினா செரெவாதென்கோ அதன் தலைவி. சட்ட ஆலோசனை, குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு ஆதரவு, செச்சினியப் போரில் நொறுங்கியவர்களுக்கு மனநல உதவி என்று அவர்கள் கைவைக்காத வேலை இல்லை. வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்புகள் மீதான 'வெளிநாட்டு முகவர்' சட்டத்தின்படி 2014 ஜூனில் அரசு வலுக்கட்டாயமாகப் பட்டியலில் சேர்த்த முதல் ஐந்து அமைப்புகளில் அதுவும் ஒன்று. 2016-ல் அந்தச் சட்டத்தின் கீழ் கிரிமினல் வழக்கைச் சந்தித்த முதல் ஆள் செரெவாதென்கோ. அடுத்த வருடம் வழக்கு கைவிடப்பட்டது. அந்த 2016-லேயே, 2006 அக்டோபர் 7 அன்று கொல்லப்பட்ட பத்திரிகையாளர் அன்னா பொலித்கோவ்ஸ்கயா பெயரிலான விருதும் அவருக்குக் கிடைத்தது. ஆகவே பாடம் எடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, கேட்டுக்கொள்ளும் மனதோடு போங்கள்.

'அமைதிப் பணி' என்றதும் போருக்கு எதிராகப் பதாகை பிடிப்பவர்களை மட்டும் தேடாதீர்கள். ஆர்க்காங்கெல்ஸ்க் பகுதியில் ஷியெஸ் என்ற சிறு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மாஸ்கோவின் குப்பையைக் கொட்டும் திட்டம் 2018-ல் வந்தது. உறைபனியில் முகாம் போட்டு ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், அதில் நிறையப் பெண்கள். 2020-ல் திட்டம் நின்றது. கட்டாய ராணுவச் சேவைக்குப் பதில் மாற்றுக் குடிமைச் சேவை கேட்கும் உரிமை ரஷ்ய அரசியல் சட்டத்தின் 59-வது பிரிவிலேயே இருக்கிறது. ராணுவத்தில் 12 மாதம் என்றால் இதில் பெரும்பாலும் 21 மாதம். அந்த விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று ஒரு பதினெட்டு வயதுப் பையனுக்குச் சமையலறை மேசையில் உட்கார்ந்து சொல்லித்தரும் பெண்ணும் அமைதிப் பணிதான் செய்கிறார். தன்னை அவர் அப்படி அழைத்துக்கொள்ள மாட்டார். நீங்களும் அழைக்காதீர்கள், அவருக்கு அதுதான் பாதுகாப்பு.

சட்டத்தைப் படிக்காமல் ஒரு மின்னஞ்சல்கூட அனுப்பாதீர்கள்

இந்தப் பகுதி அலுப்பாக இருக்கும். ஆனாலும் தாண்டிப் போகாதீர்கள்.

இரண்டு பட்டியல்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று 'வெளிநாட்டு முகவர்' பட்டியல். 2012-ல் சட்டம் வந்தபோது, வெளிநாட்டுப் பணம் வாங்கி 'அரசியல் நடவடிக்கை' செய்யும் அமைப்புகளுக்கு மட்டும் அது இருந்தது. 2022 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் பணமே தேவையில்லை. 'வெளிநாட்டுச் செல்வாக்கு' இருந்தால் போதும். உங்கள் பயிற்சி, உங்கள் ஆலோசனை, உங்கள் பாராட்டுரைகூடச் செல்வாக்கு ஆகலாம். நீதி அமைச்சகம் வழக்கமாக வெள்ளிக்கிழமைகளில் புதிய பெயர்களைச் சேர்க்கிறது. என் தோழிகளுக்கு வெள்ளிக்கிழமை மாலை என்றாலே ஒரு பதற்றம். பட்டியலில் இருப்பவரோடு பேசுவது குற்றமில்லை. ஆனால் அவருக்கு அறிக்கைகள், எழுதுவதிலெல்லாம் போட வேண்டிய முத்திரை வாசகம், வேலைத் தடைகள் என்று வாழ்க்கை சுருங்கிவிடும்.

மற்றது 'விரும்பத்தகாத அமைப்பு' பட்டியல். 2015-ல் வந்தது, இப்போது 200-க்கும் மேற்பட்ட அமைப்புகள் அதில் இருக்கின்றன. இது முதல் பட்டியலைவிட ஆபத்தானது. அப்படிப்பட்ட அமைப்பின் வேலையில் கலந்துகொண்டால் முதல் தடவை அபராதம், மறுபடியும் என்றால் நான்கு வருடம்வரை சிறை. முன்னின்று நடத்தினால் ஆறு வருடம்வரை. பணம் கொடுத்தால் முதல் தடவையிலேயே கிரிமினல் வழக்கு. 2025 மே மாதம் அம்னெஸ்டி இன்டர்நேஷனலையும் சேர்த்துவிட்டார்கள்.

ஆகவே செய்ய வேண்டியது இது. ஒரு கூட்டம் திட்டமிடுகிறீர்களா? நடத்தும் அமைப்பு, பணம் தரும் அறக்கட்டளை, அந்த அறக்கட்டளைக்குப் பணம் தருபவர், அரங்கத்தை இலவசமாகத் தருபவர், சுவரொட்டியில் சின்னம் போடப்போகும் எல்லாரையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயரையும் ரஷ்ய நீதி அமைச்சகத்தின் பட்டியலில் தேடுங்கள், ரஷ்ய எழுத்தில் தேடுங்கள். அந்தத் தாளை அழைக்கப்படும் பெண்ணிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள். அழைப்பு அனுப்பிய பிறகு பட்டியல் மாறலாம், கிளம்புவதற்கு முந்தின வாரம் மறுபடி பாருங்கள்.

இவை போக உக்ரைன் போர் தொடங்கிய 2022-ல் இன்னும் சில சட்டங்கள். ராணுவத்தைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்பினால் 15 வருடம்வரை. வெளிநாட்டு அமைப்போடு 'ரகசிய ஒத்துழைப்பு' என்றால் எட்டு வருடம்வரை. "இது நமக்குள் இருக்கட்டும்" என்று நீங்கள் அன்பாக எழுதும் ஒரு வரி அங்கே எப்படி வாசிக்கப்படும் என்று யோசித்துப் பாருங்கள். நான் அந்த வாக்கியத்தை எழுதுவதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது.

முதல் பேச்சு

இருவருக்கும் தெரிந்த ஒருவர் வழியாகத்தான் போங்கள். முன்பின் தெரியாத வெளிநாட்டவரின் மின்னஞ்சல் அவருக்கு ஒரு சுமை: பதில் எழுதினாலும் ஆபத்து, எழுதாவிட்டாலும் அது பெட்டியில் கிடக்கும்.

எந்தச் செயலியில் பேசலாம் என்று அவர் சொல்லட்டும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டும் 2022 மார்ச்சில் முடக்கப்பட்டன, அவற்றை நடத்தும் நிறுவனத்தைத் தீவிரவாத அமைப்பு என்று மாஸ்கோ நீதிமன்றம் ஒன்று அறிவித்தது. சிக்னல் 2024 ஆகஸ்டில் முடங்கியது. நேற்று வேலை செய்தது இன்று செய்யாது. அவருடைய கைபேசி எல்லையில் சோதிக்கப்படலாம். அதனால் அதில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்பதும் அவர் முடிவுதான். பதில் வராவிட்டால் துரத்தாதீர்கள். நாங்கள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம்: இரண்டு வாரம் பேச்சே இல்லை என்றால் நான் ஒரு சமையல் குறிப்பு கேட்டு எழுதுவேன். குறிப்பு வந்தால் நலம். 'அப்புறம் தருகிறேன்' என்று வந்தால் நான் ஒதுங்கியிருக்க வேண்டும்.

அப்புறம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உங்களுக்கு இப்போது எது தேவை? எங்கள் பெயர் உங்களோடு சேர்ந்து தெரிந்தால் உங்களுக்கு நல்லதா கெட்டதா? நாங்கள் எதைச் செய்யவே கூடாது? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைத்தான் நான் எப்போதும் முதலில் எழுதிக்கொள்வேன். இதே கேள்விகளை ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்பக் கேளுங்கள், பதில் மாறியிருக்கும்.

திட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது, எந்தச் சொல்லைப் போடுவது என்பதையும் அவரிடமே விட்டுவிடுங்கள். 2022-ல் த்யுமென் நகரில் ஒரு பெண் தரையில் சாக்கட்டியால் 'வேண்டாம்' என்று எழுதி, அடுத்த சொல்லின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டும் போட்டு நடுவில் நட்சத்திரக் குறிகளை வைத்தார். போரைச் சொல்கிறார் என்று வழக்கு. தான் சொன்னது வோப்லா என்ற மீனை என்றார் அவர். அந்த மீன் தனக்குப் பிடிக்காதாம். நீதிபதி முதலில் விடுவித்தார், மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. நட்சத்திரக் குறிக்கே வழக்கு வரும் இடத்தில், உங்கள் அறிவிப்பில் 'போர் எதிர்ப்பு' என்று தைரியமாக எழுதுவது உங்களுக்கு ஒன்றும் செய்யாது. விலை கொடுப்பது அவர்.

பணம்

நல்ல மனதோடு செய்து மோசமாக முடிவது இங்கேதான் அதிகம். 2022 மார்ச்சிலிருந்து விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் எல்லை தாண்டி வேலை செய்வதில்லை. பெரிய ரஷ்ய வங்கிகள் பலவும், நாடுகளுக்கிடையே பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வலைப்பின்னலிலிருந்து வெளியேற்றப்பட்டன. உடனே எல்லாரும் குறுக்கு வழி தேடுகிறார்கள். தேடாதீர்கள். உக்ரைனுக்கு உதவும் ஒரு அமெரிக்க அமைப்புக்குச் சுமார் 50 டாலர் நன்கொடை கொடுத்த குற்றத்துக்காக, இரட்டைக் குடியுரிமை கொண்ட ஒரு பெண்ணுக்கு 2024 ஆகஸ்டில் யெகாதெரின்பர்க் நீதிமன்றம் 12 வருடம் தண்டனை கொடுத்தது. கைதிகள் பரிமாற்றத்தில் 2025 ஏப்ரலில்தான் அவர் வெளியே வந்தார். அமெரிக்காவில் இருந்தபடி கொடுத்த பணத்துக்கே இப்படி.

ரஷ்யாவுக்குள் பணம் அனுப்புவது பற்றி ரஷ்யச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் எழுத்தில் சரி என்று சொல்லாதவரை நாங்கள் ஒரு காசும் அனுப்புவதில்லை. வெளியே செலவழிக்க எவ்வளவோ இருக்கிறது. வெளிநாட்டில் நடக்கும் பயிற்சிக்கு விமானச் சீட்டை நாமே எடுக்கலாம். மொழிபெயர்ப்பாளருக்குக் கூலி கொடுக்கலாம். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருகிறவருக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கலாம். இதை மறந்ததால் வர முடியாமல் போனவர்களை எனக்குத் தெரியும். எல்லாவற்றையும்விட அதிகம் கேட்கப்படுவது ரஷ்ய மொழி பேசும் உளவியல் ஆலோசகரோடு பத்துப் பதினைந்து மணி நேரம். நாளெல்லாம் மற்றவர்களின் அழுகையைக் கேட்கிற பெண் தானும் ஒரு இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டாமா?

நன்கொடையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். படமும் பெயரும் ஊரும் கேட்காதீர்கள். 'தெற்கு ரஷ்யா, ஒருவர், மூன்று நாள் பயிற்சி' என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளும் நிதி மட்டுமே இந்த வேலைக்கு உதவும். நாங்கள் இரண்டு நிதிகளை இதற்காகவே மறுத்திருக்கிறோம்.

சந்திப்பும், உக்ரைனியப் பெண்களும்

ஐரோப்பிய விசா இப்போது கடினம். 2025 நவம்பரிலிருந்து ரஷ்யர்களுக்குப் பல முறை நுழையும் விசா பெரும்பாலும் கிடைப்பதில்லை. யெரெவான், இஸ்தான்புல், பெல்கிரேடு ஆகிய இடங்களுக்கு விசா வேண்டாம். பன்னிரண்டு பேருக்கு மேல் அழைக்காதீர்கள். கைபேசிகள் வெளியே ஒரு பெட்டியில் இருக்கட்டும். குழுப் படம் வேண்டாம். நிகழ்ச்சி நிரலில் பாதி நாளைக் காலியாக விடுங்கள். வருடக்கணக்கில் தனியாக வேலை செய்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்து அழுது முடிக்கவே ஒரு மதியம் வேண்டும்.

ரஷ்யப் பெண்களையும் உக்ரைனியப் பெண்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்கலாமே என்று எல்லாரும் கேட்பார்கள். 2022 ஏப்ரல் 15, புனித வெள்ளி இரவில் ரோமின் கொலோசியத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். போப்பாண்டவரின் சிலுவைப் பாதையில், ரோமில் வசிக்கும் தோழிகளான ஒரு உக்ரைனியப் பெண்ணும் ஒரு ரஷ்யப் பெண்ணும் சேர்ந்து சிலுவையைச் சுமந்தார்கள். உக்ரைனின் புச்சா நகரத் தெருக்களில் கொல்லப்பட்டுக் கிடந்த பொதுமக்களின் படங்கள் வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. உக்ரைனியத் திருச்சபையும் தூதரகமும் கடுமையாக ஆட்சேபித்தன. கடைசியில் வாசிக்க வைத்திருந்த உரையின் பெரும்பகுதியை விட்டுவிட்டு மௌனமாக ஜெபிக்கச் சொன்னார்கள். அந்த இரண்டு பெண்களின் நட்பு உண்மையானது. ஆனாலும் குண்டு விழும் ஊரில் இருப்பவருக்கு அந்தக் காட்சி, இரு பக்கமும் ஒன்றே என்று சொல்வதுபோல இருந்தது.

என் விதி எளியது. கூட்டுச் சந்திப்பை உக்ரைனியப் பெண்கள் கேட்டால் மட்டும் நடத்துவேன், அவர்கள் சொல்லும் வரம்புக்குள். அவர்கள் வேண்டாம் என்றால் காரணம் கேட்க மாட்டேன். ரஷ்யப் பெண்களுக்குத் தங்களுக்குள்ளேயே பேசித் தீர்க்க வேண்டியது நிறைய இருக்கிறது: பொறுப்பு, வெட்கம், போரை ஆதரிக்கும் சொந்தத் தம்பியோடு எப்படி ஒரே வீட்டில் இருப்பது. அதற்கு இடம் கொடுப்பதும் அமைதிக்கான வேலைதான்.

அரசுகளை அணுகும்போது ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1325-வது தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2000 அக்டோபர் 31 அன்று ரஷ்யாவின் வாக்கும் சேர்ந்து ஒருமனதாக நிறைவேறியது. அமைதிப் பேச்சுகளில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்கிறது. அதற்கான தேசியச் செயல்திட்டம் வைத்திருக்கும் நாட்டில் நீங்கள் இருந்தால், நாடுகடந்து வாழும் ரஷ்யப் பெண்களையும் ஆலோசனைக்கு அழையுங்கள் என்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதலாம்.

கடிதம் எழுதுங்கள்

அமைப்பும் நிதியும் இல்லாத தனி ஆளுக்கு நான் சொல்லும் முதல் வேலை இது. பர்னவூல் நகரப் பத்திரிகையாளர் மரியா பனமரென்கோவுக்கு 2023 பிப்ரவரியில் ஆறு வருடம் கொடுத்தார்கள்; உக்ரைனின் மரியுபோல் நகர நாடக அரங்கின் மீது விழுந்த குண்டைப் பற்றி எழுதினார் என்பதுதான் வழக்கு. மாஸ்கோவில் 68 வயதுக் குழந்தை மருத்துவர் நதேஷ்தா புயனோவாவுக்கு 2024 நவம்பரில் ஐந்தரை வருடம், மருத்துவ அறையில் சொன்னதாக ஒரு நோயாளியின் தாய் புகார் செய்த வார்த்தைகளுக்காக. நானும் ஒரு மருத்துவர் என்பதால் அந்தத் தீர்ப்பு வந்த இரவு தூக்கம் வரவில்லை.

கடிதம் ரஷ்ய மொழியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தணிக்கையாளர் தாண்ட விட மாட்டார். மொழி தெரியாதா? நான்கைந்து எளிய வாக்கியங்களை எழுதி, தெரிந்தவர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். உறை மேல் முழுப் பெயரும் பிறந்த வருடமும் கட்டாயம். கைதிகளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், அன்றைய முகவரியைச் சரிபாருங்கள். வழக்கு, போர், அரசியல் எதையும் எழுதாதீர்கள். உங்கள் ஜன்னலில் என்ன தெரிகிறது, எந்தப் புத்தகத்தை எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள், பூனை என்ன செய்தது என்று எழுதுங்கள். பரிதாபம் வேண்டாம். பதில் வராமலே இருக்கலாம், அடுத்ததை எழுதுங்கள். கடிதம் வரும் கைதியை யாரோ கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது சிறை நிர்வாகத்துக்கும் தெரியும்.

வெளியேறியவர்கள்

நாட்டை விட்டு வந்த பெண்ணுக்கு மேடையைவிட முதலில் வேண்டியது வாடகை ஒப்பந்தத்துக்கு ஒரு உத்தரவாதக் கையெழுத்து, குழந்தைக்குப் பள்ளி, வேலை அனுமதி. காலாவதியாகும் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க அவர் பயப்படும் தூதரகத்துக்கே போக வேண்டியிருக்கிறது. உள்ளூர் வழக்கறிஞரின் ஒரு மணி நேரத்தை வாங்கிக் கொடுங்கள். கூட்டத்தில் பேச அழைத்தால் மற்றப் பேச்சாளர்களுக்குத் தரும் அதே கட்டணத்தைக் கொடுங்கள். அம்மா அப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள் என்றால் அவர் பெயரைப் போடும் முன் இன்னொரு தடவை கேளுங்கள்.

அந்த உதவி எண் பெண்ணைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அலுவலகம் போய்விட்டது. இப்போது சொந்தக் கைபேசியில்தான் அழைப்புகளை எடுக்கிறார். 2017-லிருந்து, முதல் தடவை அடித்துப் பெரிய காயம் இல்லையென்றால் அது குற்றவழக்கு ஆகாது, பெரும்பாலும் 5,000 ரூபிளிலிருந்து தொடங்கும் அபராதத்தோடு முடிந்துவிடும். போரிலிருந்து திரும்பிய கணவர்களைப் பற்றிய அழைப்புகள் கூடிக்கொண்டே போகின்றனவாம். போன மாதம் நான் வழக்கமான மூன்று கேள்விகளைக் கேட்டேன். பணம் வேண்டாம், பயணம் வேண்டாம் என்றார். போர்க்களத்திலிருந்து வந்தவர்களின் குடும்பங்களோடு பேசும் ஆலோசகர்களுக்காக ஜெர்மன் மொழியில் ஒரு கையேடு இருப்பதாகக் கேள்விப்பட்டாராம், அதை ரஷ்ய மொழியில் கொடுக்க முடியுமா என்று கேட்டார். எழுதியவர்களிடம் அனுமதி வாங்கிவிட்டேன். நாற்பது பக்கம். இரவுப் பணி இல்லாத நாட்களில் செய்கிறேன், பதினொன்றாம் பக்கம்வரை வந்திருக்கிறேன்.